குழந்தைக்காக விட்ட வேலை

பெரிய கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற ஒருத்தி அதைத் திடுதிப்பென்று விட்டுவிட்டால் ஊருக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஊரே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும், அது நிச்சயம் நன்றாக இருக்காது. அவள் சொன்ன காரணம், "பொண்ணைப் பாத்துக்கணும்." இதைவிடக் கெட்டியான காரணத்தை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது பொய்.

கம்பெனியின் சரக்குக் கிடங்குகளுக்குத் திட்டம் போடுவது அவள் வேலை. எந்தப் பெட்டி எப்போது வரும், எந்த அடுக்கில் ஏறும், எப்போது இறங்கி வெளியே போகும் என்பதையெல்லாம் உச்சி மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி தீர்மானிப்பாள். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது கிடங்குக்காரர்களின் வேதம். மருந்தானாலும் மாவானாலும் பழையது அடுக்கிலேயே கிடந்து கெட்டுப்போகக் கூடாது அல்லவா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் அந்த வேதத்தைச் சொல்வாள். மேலதிகாரி அவளை "நம்ம கம்ப்யூட்டர்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அறிமுகம் செய்வார். அதைப் பாராட்டு என்றுதான் அவர் நினைத்தார். அவளும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தாள்.

லட்சக்கணக்கான பெட்டிகளை இடம் மாற்றியவள், அவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை.

அவளும் கணவனும் மகளும் பழைய வாடகை வீட்டை விட்டு வேறு வீட்டுக்கு மாறியபோதுதான் வினை பிடித்தது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று கணவன் சொன்னதைக் கேட்காமல், லீவு போட்டுவிட்டுத் தானே மூட்டை கட்ட உட்கார்ந்தாள். குக்கருக்குள் டம்ளர்கள், டம்ளர்களுக்குள் கரண்டிகள், கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே மகளின் சின்னதாய்ப் போன ஸ்வெட்டர்கள். கட்டி முடித்த பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது, அப்படி அடுக்கினாள். கணவன் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். குடுவைகளோடு பழகிப் பழகி எதையும் மெதுவாக எடுத்து மெதுவாக வைக்கிற மனிதன், பேச்சு உட்பட. கதவோரம் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

தான் பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அன்றைக்கு மண்டைக்குள் புகுந்த வண்டு அதற்கப்புறம் குடைவதை நிறுத்தவில்லை. வீடு மாறுகிறவர்களுக்கு மூட்டை கட்டிக் கொடுக்கும் தொழிலைச் சொந்தமாக ஆரம்பிக்க வேண்டும். ஆசை, வேறொன்றுமில்லை. வீட்டில் கஷ்டமா என்றால் இல்லை. மகளுக்கு உடம்பு சரியில்லையா என்றால் அதுவும் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போய் வந்து, தெருக்கோடி மைதானத்தில் பந்தாடிவிட்டு, முட்டியில் சிராய்ப்போடு சந்தோஷமாகவே இருந்தாள். கணவனிடம் ஆசையை உள்ளபடி சொன்னபோது "செய்யேன்" என்றான். அவனிடம் சொல்ல முடிந்ததை உலகத்திடம் சொல்ல வரவில்லை.

ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா? சம்பளமா? வேற கம்பெனியா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

'இந்த வேலை அலுத்துப்போச்சு சார், சொந்தமா ஒண்ணு செஞ்சு பாக்கணும்' என்று வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தாள். வாயில் வந்தது வேறு.

"பொண்ணு வளர்றா சார். பக்கத்துல இருந்து பாத்துக்கணும்."

அவர் முகம் உடனே இளகிவிட்டது. "அதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்? எப்ப வேணும்னாலும் திரும்பி வாங்க, கதவு திறந்தே இருக்கும்" என்றார். சாயங்காலம் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். இரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

நன்றாக வேலை செய்கிற சாவியை யார் ஒரு பூட்டோடு விடுவார்கள்? கணவனின் அக்கா, அதாவது நாத்தனார், போனில் விசாரணைக் கமிஷனே வைக்கத் தயாராக இருந்தார். "பொண்ணுக்காகத்தான் அண்ணி" என்றதும் கமிஷன் கலைந்தது. "இப்பத்தான் நீ ஒரு தாயா நடந்துக்கறே" என்று சர்டிபிகேட்டும் கிடைத்தது. அதைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில், பள்ளிக்கூட வாசலில், வங்கியில், எல்லா இடத்திலும் அதே பாட்டு. "எனக்காக விட்டேன்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் ஆளாளுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தி சொல்லியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவளுக்கு மூடி ஒன்று கிடைத்திருந்தது.

இத்தனை பேரிடம் சொன்னவள் மகளிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பிள்ளைகளுக்குக் காது உண்டு என்பது பெற்றவர்களுக்கு எப்போதும் கடைசியில்தான் ஞாபகம் வரும்.

தொழில் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் ஆரம்பமானது. கார் வெயிலுக்குப் போனது, உள்ளே மடித்த அட்டைப் பெட்டிகளும் பழுப்புக் காகிதமும் ஒட்டுநாடாச் சுருள்களும் வந்தன. பீங்கான் கடையில் வருஷக்கணக்காகப் பொருள் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்குக் 'கண்ணாடி அக்கா' என்று பெயர் விழுந்தது. எதையும் திட்டம் போட்டே செய்கிற முதலாளிக்கு அவள் 'பிளான் அக்கா' என்று பெயர் வைத்துப் பதிலுக்குப் பதில் தீர்த்தாள். இவள் அவளை அக்கா என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். யார் மூத்தவள் என்று இரண்டு பேரும் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை, அதுதான் புத்திசாலித்தனம்.

மூட்டை கட்டித் தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கும்போது இவளிடம் ஏன் வர வேண்டும்? அதற்கும் ஒன்று யோசித்து வைத்திருந்தாள். அதன் பெயர் 'முதல் பெட்டி'. வீடு மாறிய அன்று சாயங்காலம் மனுஷன் தேடுகிற பொருள்கள் எப்போதும் கைக்கு அகப்படாது. டீ போடப் பாத்திரம் இருக்கும், தேயிலை எங்கோ போயிருக்கும். கட்டில் வந்திருக்கும், தலையணை வந்திருக்காது. அதனால் அந்த முதல் ராத்திரிக்கு வேண்டியதையெல்லாம் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுத் தனியாக ஒரு பெட்டியில் கட்டுவாள். துண்டு, சோப்பு, மாத்திரை, பல்பு, குழந்தை இருந்தால் அது கட்டிக்கொண்டு தூங்குகிற பொம்மை. புது வீட்டில் முதலில் அந்தப் பெட்டி கைக்கு வரும், அது அவள் கொடுக்கிற வாக்கு. தனி ஆட்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று சின்னச் சின்ன வீடுகள் வந்தன. ஒரு சின்ன வேனில் எல்லாம் அடங்கிவிடும். எல்லாரும் முதல் பெட்டியைப் பற்றியே பேசினார்கள்.

மகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். பல் தேய்க்கச் சொன்னால்கூட வாதாடாமல் தேய்க்க மாட்டாள். மைதானத்துப் பந்தாட்டத்தில் கோல் காப்பது அவள்தான், அதிலும் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று வாதாடியே பாதி ஆட்டத்தை ஜெயித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அம்மா வேலையை விட்டதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தாள். மைதானத்திலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டால் கையை மட்டும் அசைத்துவிட்டு ஷெட்டுக்குள் வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கசங்கிய காகிதங்களை நீவிக் கொடுப்பாள். எதிர்த்துப் பேசுவதும் குறைந்துபோனது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, சும்மா சொன்னது நெஜமாவே ஆயிடுச்சு. பொண்ணு என்னை விட்டு நகர மாட்டேங்கறா" என்று கணவனிடம் சிரித்தாள். அவன் என்னவோ சொல்ல வந்து, வழக்கம்போல மெதுவாகக் கீழே வைத்துவிட்டான்.

இப்படி இருக்கும்போது முதல் பெரிய வேலை வந்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் தம்பதி, கைக்குழந்தை, வீடு முழுக்கப் புத்தகம். வேன் போதாது, லாரி வேண்டும். இந்த வேலை நல்லபடி முடிந்தால் அதே பள்ளிக்கூடத்தில் இன்னும் பல குடும்பங்கள் புதுக் குடியிருப்புக்கு மாறப் போகிறார்கள், எல்லாரையும் அனுப்புகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். பிளான் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கிடங்கில் செய்கிற மாதிரியே எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட்டாள். முதல் பெட்டிக்கு ஒன்று, அப்புறம் வரிசையாக. ஏற்றுகிறவர்களிடம், "நம்பர் வரிசை மட்டும் தப்பக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் புது வீட்டைப் பார்க்க முன்னால் போய்விட்டாள்.

அவர்கள் வரிசையைத் தப்ப விடவில்லை. ஒன்றாம் நம்பர் பெட்டி முதலில் ஏறியது. முதலில் ஏறியதால் லாரியின் கோடிக்குப் போனது. அதற்கு முன்னால் மற்ற பெட்டிகள், அவற்றுக்கு முன்னால் புத்தக அலமாரிகள், கட்டில், பீரோ, கடைசியாகக் கதவை அடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ்.

கிடங்கு அடுக்குக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. ஒரு பக்கம் வைப்பார்கள், மறுபக்கம் எடுப்பார்கள். லாரிக்கு இருப்பது ஒரே கதவு. கடைசியில் ஏறியதுதான் முதலில் இறங்கும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், ஆனால் புது வீட்டு வாசலில் லாரிக் கதவைத் திறந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. மலை மாதிரி நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஒண்ணாம் நம்பரை உள்ள தள்ளும்போதே மனசுக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு" என்றார் லாரி டிரைவர். "பிளான் அக்கா போட்ட நம்பராச்சே, ஏதாவது கணக்கு வெச்சிருப்பாங்கன்னு நாங்க யாருமே வாயைத் திறக்கல."

மரியாதை சில சமயம் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

புது வீட்டு மாடிப்படி குறுகல். அலமாரிகள் ஒவ்வொன்றாக நெளிந்து நெளிந்து ஏறின. பால் புட்டியும் குழந்தையின் துணிகளும் கோடியில் கிடந்தன. குழந்தை அழுதது. கண்ணாடி அக்கா கடைக்கு ஓடிப் புதுப் புட்டி வாங்கி வந்தாள், குழந்தை அதை வாயிலேயே வைக்கவில்லை. டீச்சர் படியில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. இருட்டுகிற நேரத்தில் பெட்டி வந்து சேர்ந்தபோது, "முதல் பெட்டி முதல்ல வரும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் இவள் போய் மன்னிப்புக் கேட்டாள். அத்தனை புத்தகங்களையும் தானே அடுக்கிக் கொடுத்தாள். டீச்சர் மறுக்கவில்லை, டீயும் கொடுத்தாள். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. பேசி வைத்திருந்த இரண்டு பேரும், இப்போதைக்கு வீடு மாறவில்லை என்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது அவள் விஷயத்தில் அப்படியே பொருந்தியது. ஷெட்டில் அட்டைப் பெட்டிகள் மடித்தது மடித்தபடி கிடந்தன. இனிமேல் முதல் பெட்டி லாரியில் ஏறாது, தன் மடியில்தான் வரும் என்று முடிவு செய்தாள். மடி தயாராக இருந்தது, வீடு மாறத்தான் ஆள் இல்லை.

மோப்பம் பிடித்த மாதிரி அந்த வாரம் பார்த்து மேலதிகாரி கூப்பிட்டார். புதுக் கிடங்கு திறக்கிறார்கள், அவளுக்குப் பதிலாக வந்தவர் திணறுகிறார், பழைய அறை அப்படியே இருக்கிறது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

"என்னங்க பண்ணலாம்?" என்று கணவனைக் கேட்டாள்.

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்."

'போகாதே' என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். 'போ' என்று சொல்லியிருந்தாலும் சண்டையாவது போட்டிருக்கலாம். கண்ணாடி அக்கா வேறு, "நான் பழைய கடையில சொல்லி வைக்கட்டுமா அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தப்பு தன் தலையில் இருக்கும்போது இன்னொருத்தியின் பிழைப்பையும் பிடித்து வைத்திருப்பது என்ன நியாயம்? திரும்பிப் போய்விடலாம் என்று பாதிக்கு மேல் மனசு சாய்ந்துவிட்டது. தன்னையறியாமல் பாடிய அந்த நாளை நினைத்தால் மட்டும் போக மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக் கழற்றாமலே ஷெட் வாசலில் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"சொல்லு."

"நீ ஆபீஸுக்குப் போம்மா. நான் தனியா இருந்துப்பேன். சாவி என்கிட்ட இருக்கட்டும். அடுப்பைத் தொட மாட்டேன். யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்." ஒப்பிப்பது மாதிரி மூச்சு விடாமல் சொன்னாள்.

"அதெல்லாம் நீ ஏன்டி யோசிக்கிறே?"

"என்னாலதானே நீ வேலைய விட்டே?"

"யார் சொன்னா?"

"நீதான் சொன்னே. அத்தைகிட்ட சொன்னே. பேங்க்ல சொன்னே. எங்க மிஸ்கிட்டகூடச் சொன்னே. அவங்க கிளாஸ்ல எல்லார் முன்னாடியும், 'உனக்காக உங்கம்மா எவ்வளவு பெரிய வேலைய விட்டிருக்காங்க, நீ கணக்குல இப்படியா மார்க் வாங்குவே'ன்னு கேட்டாங்க."

மைதானத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பதிலுக்குப் பயந்துகொண்டே அம்மா கேட்டாள்.

"அதனாலதான் நீ விளையாடப் போறதில்லையா?"

"நான் வீட்ல இல்லேன்னா நீ வேலைய விட்டது வீணாப் போயிடும்ல?"

சொல்லிவிட்டு மகள் தரையைப் பார்த்தாள். ஊரார் வாயை அடைக்கத் தான் சொன்ன ஒரு சொல்லை இந்தக் குழந்தை இத்தனை நாளாகத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் பாசம் என்று நினைத்துத் தான் பூரித்துப்போயிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. டீச்சர் வீட்டுப் படியில் நின்றபோதுகூட இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைத்து மகளைப் பக்கத்தில் இழுத்தாள்.

"இங்க பாரு. நான் உனக்காக வேலைய விடல."

"பொய்."

"எல்லார்கிட்டயும் சொன்னதுதான் பொய். எனக்கு அந்த வேலை பிடிக்காமப் போயிடுச்சு. பெட்டி கட்டறது பிடிச்சிருந்துது. எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணுச்சு. அதைச் சொல்லத் துணிச்சல் இல்லாம உன் பேரைச் சொல்லிட்டேன்."

"எனக்காகக் கொஞ்சம்கூட இல்லியா?"

இந்த இடத்தில் எந்தத் தாய்க்கும் நாக்கு புரளும். கொஞ்சம் உனக்காகவும்தான் என்று சொல்லிவிட்டால் குழந்தை மனசு நோகாது, தன் மனசும் ஆறும். சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கொஞ்சம்கூட இல்ல கண்ணு. முழுசா எனக்காகத்தான்."

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப் போகிறாள் என்று அம்மா பயந்தாள். மகளின் மூக்கு விடைத்தது.

"அப்ப நான் எதுக்கு இத்தனை நாளா இங்க உக்காந்து பேப்பர் நீவினேன்?"

"தப்புதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? என் பேரை யூஸ் பண்ணா என்கிட்டதானே கேக்கணும்? இப்ப என் எடத்துல யார் கோல் காக்கறா தெரியுமா? அந்த நெட்டையன்! பந்து வந்தா கண்ணை மூடிக்கறான்மா! எத்தனை மேட்ச் போச்சு தெரியுமா உனக்கு?"

வக்கீல் திரும்பி வந்துவிட்டாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கூண்டில் நின்றாள். இவ்வளவு திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் வேறு யாரும் இருக்க முடியாது.

"மிஸ்கிட்டயும் நீயே வந்து சொல்லணும்."

"திங்கக்கிழமை வரேன்."

"அத்தைகிட்ட?"

"அத்தைகிட்டயும்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. என் ஷூ எங்க?"

ஷூ சின்னதாகிப் போயிருந்தது. குதிகாலை மிதித்துக்கொண்டே மகள் ஓடினாள். மைதானத்தில் ஒரு கூச்சல் எழுந்தது, நெட்டையனை வெளியேற்றுகிற கூச்சலாக இருக்க வேண்டும். அம்மா ஷெட் வாசலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னம்மா, யோசிச்சீங்களா?" என்றார் மேலதிகாரி.

"யோசிச்சேன் சார். வரல."

"சொந்தமா ஏதோ தொழில் ஆரம்பிச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்க வேலை நிறைய வருதோ?"

"இப்போதைக்கு ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்புறம் என்ன? ஓ, குழந்தை." அவர் குரல் இளகியது. "புரியுது, புரியுது. அவளுக்காகத்தான் தயங்கறீங்கன்னா பாதி நாள் வீட்ல இருந்தே பாருங்களேன். குழந்தைன்னு வந்துட்டா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"அவளுக்காக இல்ல சார். அவ விளையாடப் போயிருக்கா. அப்பவும் அவளுக்காக விடல, உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்குத்தான் இந்தப் பெட்டி கட்டற வேலை வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார் என்பது இவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"அப்படியா?" என்றார் கடைசியில்.

"அப்படித்தான் சார்" என்றாள் அவள்.